மேடைக்குப் போன சேலை

நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "கண்ணாயி வீடு எது?" என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. "பொம்பளை வேஷம் கட்டுவாரே, பெரியநாயகம், அவங்க ஊடு" என்றால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து கையைக் காட்டுவார். பொம்பளையாகவே பிறந்து, பொம்பளையாகவே நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்திக்கு, பொம்பளை வேஷம் கட்டுகிறவனின் பெயரால்தான் முகவரி. ஊர் நியாயம் அப்படித்தான் இருக்கிறது.

பெரியநாயகம் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. எஸ்டேட்டில் நிழல் மரங்களைக் கவாத்து பண்ணுகிற ஆள். கொடுவாள் பிடித்துக் காய்த்துப்போன முரட்டுக் கை. அந்தக் கையை மோவாயில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றான் என்றால், குடித்துவிட்டு வரும் புருஷனுக்காக வாசலில் காத்திருக்கிற ஒரு வீட்டுக்காரி அங்கே நிற்பாள். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற தேவசிகாமணிதான் நாடக வாத்தியார். புராணக் கதைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குடும்பத்தில் பெண் படும் பாட்டைச் சொல்கிற நாடகங்களை அவர் போட ஆரம்பித்தார். அடிபட்டவள், வரதட்சணைக்காகத் தாய்வீட்டுக்கு விரட்டப்பட்டவள், மலடி என்று பேர் வாங்கியவள், எல்லாம் பெரியநாயகம்தான். பெண்ணின் கஷ்டத்தைச் சொல்ல வந்த அந்த நாடக செட்டில் மருந்துக்குக்கூட ஒரு பெண் கிடையாது. ஏன் என்று யாராவது கேட்டால், "நல்ல குடும்பத்துப் பொண்ணு மேடை ஏறுவாளா?" என்று தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திருப்பிக் கேட்பார்.

அந்த செட்டுக்கு ஒரு சாங்கியம் உண்டு. பொம்பளை வேஷம் கட்டுகிறவன் தன் மனைவி உடுத்தி அவிழ்த்த சேலையைத்தான் கட்ட வேண்டும். துவைத்ததும் ஆகாது, கடையில் வாங்கிய புதுச் சேலையும் ஆகாது. ஆனால் அந்த மனைவி சபையில் வந்து உட்காரக் கூடாது. அவள் கண் பட்டால் வேஷம் நிற்காது, நடு ஆட்டத்தில் குரல் கட்டிக்கொள்ளும் என்பார்கள். சேலை மேடைக்குப் போகும், சேலைக்காரி வீட்டில் இருப்பாள்.

கண்ணாயி இதற்காக ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. வாழ வந்த வருஷத்திலிருந்து, நாடகத்தன்று உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். மறுநாள் தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கும்போது மற்றப் பெண்கள் வந்து சொல்வார்கள். "ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரரு அழுதாருன்னா எங்களுக்கு அடிவயிறே கலங்குது. பொம்பள மனசு அவருக்கு எப்படித்தான் தெரியுதோ!" கண்ணாயிக்கு உச்சி குளிர்ந்துபோகும். பொம்பளை மனசு தெரிந்த அந்த மனுஷன், குழம்பில் உப்புக் கூடிப்போனால் தட்டை எறிவான், எதிர்த்து ஒரு சொல் சொன்னால் கை நீட்டுவான். அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. மேடையில் அப்படி அழுது களைத்துப்போகிறவருக்கு வீட்டில் கோபம் வரத்தானே செய்யும் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

மகள் கீர்த்திகாவுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்து, பேச்சு வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். அன்று பேய்மழை, மரம் விழுந்து பஸ் வரவில்லை. மடியில் விறைத்துப்போன பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ணாயி வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். அந்த வருஷத் திருவிழாவில் பெரியநாயகம் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக வேஷம் கட்டினான். சபையில் அழாத ஆள் இல்லை என்று வந்து சொன்னார்கள். பெற்ற அப்பனாயிற்றே, உள்ளே கிடந்த துக்கம் அங்கே வெளியே வந்திருக்கும் என்று கண்ணாயி நினைத்தாள். அதற்காக அவன் மேல் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்கூட வந்தது. பாவம், அவளுக்கு வேறென்ன தெரியும்?

கீர்த்திகா வளர்ந்தாள். ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தப்ப நம்மூருல ஒரு நர்சு இருந்திருந்தா பொழச்சிருப்பானில்லம்மா?" என்று பாவாடை கட்டிய காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த பெண். பெரியநாயகத்தின் எண்ணம் வேறு. செம்மநத்தத்தில் இருக்கிற அவன் அக்கா மகன் விஜயகுமார் முறை மாப்பிள்ளை. காபிக் காடு இருக்கிறது, பிக்கப் வண்டி ஒன்று ஓட்டுகிறான். பெண் பிறந்த அன்றைக்கே அக்காவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆடியில் பெண்ணுக்குப் பதினெட்டு முடிகிறது, ஆவணியில் முகூர்த்தம். சட்டத்துக்கும் மரியாதை கொடுத்தான், அக்காவுக்கும் மரியாதை கொடுத்தான். பெண்ணை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரிசல்ட் வந்த வாரம், ஒரு சாயங்காலம். பெரியநாயகம் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். வெளியே பனி இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. கீர்த்திகா உள் அறையில் மூச்சுக் காட்டாமல் இருந்தாள். கண்ணாயி குழம்பை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

"ஏனுங்க, ஒரு சொல்லு கேளுங்க. கோவிச்சுக்காதீங்க."

அவன் நிமிரவில்லை.

"நான் நாலாவது படிக்கறப்ப எங்கப்பன் சிலேட்டப் புடுங்கிட்டு இடுப்புல சாக்கக் கட்டி உட்டாருங்க, பழம் பறிக்க. அந்தச் சாக்க இன்னைக்கு வரைக்கும் நான் அவுக்கலீங்க. நான் செத்தன்னா அதையும் சேத்துத்தான் பொதைப்பீங்க. எம்புள்ள இடுப்புல அதக் கட்டீராதீங்க. அவ படிக்கட்டுமுங்க. உங்க கால்ல உழறனுங்க."

தொண்டை அடைத்தது. கண்ணாயிக்கு ஒரு வழக்கம் உண்டு, அழுகை வந்தால் கைக்கு ஏதாவது வேலை கொடுப்பாள். நன்றாக மூடியிருந்த குழம்புச் சட்டியின் மூடியை எடுத்து, உள்ளே பார்த்து, மறுபடியும் மூடினாள்.

பெரியநாயகத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சொன்ன? அந்தச் சாக்கு... அத இன்னொருக்கா சொல்லு."

அதட்டல் இல்லை, கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான். வாழ வந்த நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவன் இரண்டாம் முறை கேட்டதில்லை, முதல் முறை கேட்டதே அபூர்வம். கண்ணாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரப்படாமல், விட்டுப்போனதையும் சேர்த்து மறுபடி சொன்னாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு, "செரி, செரி" என்று கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டான்.

கண்ணாயி உள்ளே ஓடி மகளைக் கட்டிக்கொண்டாள். "கண்ணு, உங்கப்பா கேட்டாருடி! இன்னொருக்கா சொல்லுன்னு அவரே கேட்டாரு! கரைப்பார் கரைச்சாக் கல்லும் கரையும்னு சும்மாவா சொன்னாங்க?"

"நெசமாவாம்மா?"

"என் கண்ணால பாத்தேன் சாமி. திட்டல, அடிக்கல. செரின்னு சொல்லிட்டுப் போறாரு."

அன்றைக்குத் தாயும் மகளும் சந்தோஷத்தில் ஒரு பலாப்பழத்தை அறுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, சும்மாதான் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

கோடை விழா வந்தது. ஏற்காட்டில் தேவசிகாமணி செட்டின் நாடகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். பெரியநாயகம் காலையிலேயே ஒத்திகைக்குப் போய்விட்டான். சேலையைப் பாத்திமாவிடம் கொடுத்தனுப்பு என்று சொல்லியிருந்தான். பாத்திமா நாகலூர்க் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லாவின் மனைவி. கடைக்குப் பின்னால் மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். பெரியநாயகத்தின் அகலத் தோளுக்கு ஜாக்கெட் தைக்கிறவள் அவள்தான். அன்று மாலை மகள் ஆஸ்மாவோடு விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணாயி சேலையைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"நீயும் வாக்கா. பொம்பளப் புள்ளைகளப் படிக்க வெக்கச் சொல்ற நாடகமாம். உன் ஊட்டுக்காரருதான் அம்மாவாமே."

கண்ணாயி நீட்டிய சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். படிக்க வைக்கச் சொல்கிற நாடகமா? அப்படியானால் அன்றைக்குச் 'செரி' என்று அவன் சொன்னது சும்மா இல்லை. அதை மேடையிலேயே, அத்தனை ஜனத்துக்கு முன்னால் சொல்லப் போகிறான். ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

"நான் வரக் கூடாது பாத்திமா. சாங்கியம் இருக்குது."

"மலை முழுக்கக் கூட்டம், அதுல உன்னத்தான் தேடிக் கண்டுபுடிக்கறாரா? இந்தா, இதப் போத்திக்க" என்று பாத்திமா தன்னுடைய தடிச் சால்வையை எடுத்து அவள் தலையோடு போர்த்திவிட்டாள். மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன. ஆஸ்மா பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். அன்று கண்ணாயியும் ஒரு வேஷம் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

கூட்டத்தின் கடைசியில், பஜ்ஜிக் கடை ஒன்றின் ஓரமாக மூவரும் நின்றார்கள். விளக்குப் போட்டதும் அவளுடைய சேலை மேடைக்கு வந்தது. மாம்பழ நிறம், பச்சைக் கரை, முள்ளில் கிழிந்து அவளே தைத்த தையல். இடது முழங்கால் வலிக்காக அவள் படி ஏறும்போது தொடையில் கை ஊன்றுவாள். மேடையில் ஏறியவனும் ஊன்றினான். அடுப்பில் கைபட்டுவிட்டால் காது மடலைப் பிடிப்பாள். அவனும் பிடித்தான். கூட்டம் ரசித்துச் சிரித்தது. கண்ணாயிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று நினைத்தேனே, இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறாரே இந்த மனுஷன்! சால்வைக்குள் அவள் முகம் சூடாகிவிட்டது, புதுப்பெண் போல.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. புருஷன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். தாய் பக்கத்தில் குந்துகிறாள்.

"ஏனுங்க, ஒரு சொல்லு கேளுங்க. கோவிச்சுக்காதீங்க."

அது கண்ணாயி சொன்ன சொல். சிலேட்டைப் பிடுங்கிய அப்பன், இடுப்பில் கட்டிய சாக்கு, 'சேத்துத்தான் பொதைப்பீங்க', ஒவ்வொன்றும் வரிசை மாறாமல் வந்தது. அவளுக்குத் தொண்டை அடைத்த இடத்தில் அவனுக்கும் அடைத்தது. மேடையில் சட்டி எதுவும் இல்லை. ஆனாலும் அவன் குனிந்து, இல்லாத சட்டியின் இல்லாத மூடியை எடுத்து, உள்ளே பார்த்து, மூடினான். கூட்டத்தில் ஒரு விம்மல் எழுந்தது. சேலத்திலிருந்து காரில் வந்திருந்த பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான், எண்ணெயில் பஜ்ஜி கருகியது.

மேடையில் புருஷன் மனம் இளகினான். மகளைக் கூப்பிட்டான், கையில் புத்தகத்தைக் கொடுத்தான். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பாத்திமா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் ஆஸ்மாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இவளக் கடையில உக்கார வெச்சரலாம்னு இவ அத்தா சொல்லிக்கிட்டு இருந்தாரு. இனி ஒரு பேச்சு கெடையாது. காலேஜுக்கு அனுப்பறேன். அக்கா, இப்படி ஒரு மனுஷன் கெடைக்க நீ என்ன புண்ணியம் பண்ணியோ!"

கண்ணாயி சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தன் சொல் அத்தனை பேரை அழ வைத்தது என்பதை நம்பவும் முடியவில்லை. வயிற்றில் ஏதோ ஒன்று சரியில்லை என்று சொன்னது. ஆனால் ஆசை இருக்கிறதே, அது வயிறு சொல்வதைக் கேட்காது. இத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு, வீட்டில் வந்து மாற்றிப் பேச எந்த மனுஷனுக்கு மனம் வரும் என்று நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் பெரியநாயகம் கழுத்தில் பொன்னாடையோடும் கையில் ஷீல்டோடும் வந்து இறங்கினான். மற்ற வேஷமெல்லாம் கலைந்திருந்தது, கண்ணாடி வளையல்கள் மட்டும் கையில் இருந்தன. முரட்டுக் கையில் சோப்புப் போட்டு ஏற்றியவை, சோப்புப் போட்டால்தான் இறங்கும். அது கண்ணாயியின் வேலை. அவள் கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்து, வளையலை ஒவ்வொன்றாக நழுவவிட்டாள். அவன் நல்ல குஷியில் இருந்தான். இதைவிட நல்ல நேரம் வராது என்று அவளுக்குப் பட்டது. கீர்த்திகா கதவோரம் வந்து நின்றாள்.

"ஏனுங்க, கீர்த்திகாவ எந்தக் காலேஜுல சேக்கறதுங்க?"

"காலேஜா?"

"நேத்து நீங்களேதானுங்க மேடையில..."

சொல்லி முடிக்கவில்லை. கை மடியிலிருந்து உருவிக்கொண்டது.

"நீ வந்தியா?"

அவள் சோப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அடி கன்னத்தில் விழுந்தது. மிச்சமிருந்த வளையல் அவள் முகத்திலேயே உடைந்தது.

"சாங்கியத்த மீறிக்கிட்டு வந்து நின்னிருக்கற! என் குரலு கட்டியிருந்தா என்னடி ஆகியிருக்கும்?"

"ஏனுங்க, அந்தப் புள்ளையப் படிக்க வெச்சீங்களே..."

"அது நாடகம்டி. எங்கக்காளுக்குக் குடுத்த வாக்கும் நாடகமா? ஆவணியில கல்யாணம். இனி இந்தப் பேச்சே இந்த ஊட்டுல இருக்கப்படாது."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். கண்ணாயி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "அப்ப எதுக்குங்க என்ன இன்னொருக்கா சொல்லச் சொன்னீங்க? எதுக்குங்க எம்பட வயித்துல பால வாத்துட்டு, அதையே நெருப்பா மாத்தறீங்க?"

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அவன் கோபம் போன இடம் தெரியவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, அன்று சாப்பிடும்போது பார்த்த அதே பார்வையாக அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு லேசாக அசைந்தது. வயித்துல பால வாத்துட்டு என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வருஷம் மட்டும் இல்லை, எல்லா வருஷமும். மடியில் செத்துக் கிடந்த பிள்ளையை வைத்து அவள் அழுதபோதும் இவன் இப்படித்தான் தலையைச் சாய்த்து நின்றிருந்தான். துக்கத்தில் சிலையாக நிற்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் பிள்ளைக்காக அழுத அழுகை திருவிழா மேடையில் போய்க் கைத்தட்டு வாங்கியிருக்கிறது. அடியைவிட அதுதான் அவளைக் கொன்றது. சேலையைத்தான் கொடுக்கிறோம் என்று இத்தனை காலம் நினைத்தாளே, பைத்தியக்காரி!

அழுகையை அப்படியே நிறுத்தினாள். பாதியில் நின்றதில் விக்கல் வந்தது. உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

கீர்த்திகா கதவோரத்திலிருந்து கேட்டாள். "அப்பா கேட்டாருன்னு சொன்னியேம்மா?"

"கேட்டாரு கண்ணு" என்றாள் கண்ணாயி. "கேக்கத்தான் கேட்டாரு."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண்ணைப் பிக்கப் வண்டியில் ஏற்றி அனுப்பும்போது எந்தத் தாய்தான் அழமாட்டாள்? கண்ணாயி அழவில்லை. மகளின் தலைப் பூவைச் சரிசெய்தாள், சீர்ப் பாத்திரங்களை எடுத்து எடுத்து மறுபடி அடுக்கினாள். "ஒத்தப் பொண்ண அனுப்பறா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாரு, கல்நெஞ்சக்காரி" என்று ஊர் பேசியது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெரியநாயகமும் ஏமாந்துதான் போனான்.

அதற்குள் ஆஸ்மா சேலத்தில் ஒரு காலேஜில் சேர்ந்திருந்தாள். பாத்திமா இனிப்போடு வந்து, "எல்லாம் உன் ஊட்டுக்காரரு புண்ணியம்க்கா" என்றாள். கண்ணாயி இனிப்பை வாங்கிக்கொண்டு, "நல்லாப் படிக்கட்டும்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவள் சொல்லில் ஒரு பெண் கரை ஏறியிருக்கிறாள், அது சொந்தப் பெண்ணாக இல்லை, அவ்வளவுதான். அது தன்னுடைய சொல் என்று பாத்திமாவிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

கண்ணாயி பேச்சைக் குறைத்தாள். சோறு போடட்டுமா, தண்ணி காஞ்சிருச்சு, விறகு இல்லை, இவ்வளவுதான் அவன் காதில் விழும். தோட்டத்தில் தனியாகப் பழம் பறிக்கும்போதுகூட அழப் பயந்தாள். எந்தக் காற்று எதைக் கொண்டுபோய் எந்த மேடையில் சேர்க்குமோ என்று ஒரு பயம். அழாத அழுகை உடம்புக்குள் தங்கி, அவளுக்கு நெஞ்செரிச்சல் என்று ஒரு வியாதியாக வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, காரம் சேர்க்காதே என்றார்.

பெரியநாயகம்தான் பாவம், தவித்துப்போனான். பொங்கலுக்கு வாழவந்தியில் நாடகம். தேவசிகாமணி இரண்டு முறை வீடு தேடி வந்து, "கதை நான் எழுதிட்டேனுங்க, அழுகைதான் வரல. அது உங்க கைச் சரக்கு. நொம்ப உருக்கமா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியநாயகம் காரணமில்லாமல் சண்டை இழுத்தான். ஒரு நாள் கையை ஓங்கி அடித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து காத்திருந்தான். கண்ணாயி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? எதாவது சொல்லேன்!"

"ரசம் கொதிக்குதுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

வாழவந்தி நாடகம் எடுபடவில்லை. பழைய அழுகையையே திரும்ப அழுதான் என்று கூட்டம் பாதியில் கலைந்தது. இந்தக் கோடைக்கு வேறு ஆளைப் பார்க்கலாமா என்று செட்டில் பேச்சு எழுந்தது. பெரியநாயகம் சாயங்காலங்களில் முன் அறை நாற்காலியில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். தான் எதையோ வென்றுவிட்டதாகக் கண்ணாயிக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. மகள் அங்கே இருக்கும்போது என்ன வெற்றி?

மாசி மாதம் ஒரு மாலையில் கீர்த்திகா வந்தாள். போன் இல்லை, தகவல் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக நடந்து வந்தவள், முன் அறையில் இருந்த அப்பாவிடம் "வந்தனுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு நேரே அடுப்பங்கரைக்கு வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கண்ணாயி அதை விலக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த இடங்கள் கன்றிப்போய் நீலமாக இருந்தன. மகளைத் தன் பக்கம் இழுத்தபோது கை இடுப்பில் பட்டது. கீர்த்திகா துள்ளி விலகினாள். சேலையை நகர்த்திப் பார்த்தால், அங்கே சாக்குக் கயிறு அறுத்த தடம், காபி சீசன் முழுக்கக் கட்டிக் கட்டிப் புண்ணாகி ஆறியும் ஆறாமலும். கண்ணாயிக்கும் அதே இடத்தில் அதே தடம் உண்டு.

"அம்மா..." என்றாள் கீர்த்திகா. அத்தனை மாதமாக அடக்கி வைத்தது மொத்தமும் தொண்டைக்கு ஏறி வந்தது. "அம்மா, என்ன எதுக்கும்மா அங்க..."

முன் அறையில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டுத் திரும்பியது.

கண்ணாயி மகளின் வாயைத் தன் உள்ளங்கையால் இறுக்கப் பொத்தினாள். மறுகையால் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். கீர்த்திகாவின் கண்ணீர் சூடாக அவள் விரலிடுக்கில் வழிந்தது. காதருகே குனிந்து, மூச்சு மாதிரிச் சொன்னாள்.

"அழுவாத கண்ணு. உங்கப்பா கேட்டுக்கிட்டு இருக்கறாரு."